மீட்டர் முள் நிற்கவில்லை

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குழாயை இறுக மூடிய பிறகும் எனக்கு எங்கோ தண்ணீர் ஓடுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. கணவரிடம் சொன்னேன். எங்கள் மலை ஊரான திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர் அவர். வீட்டில் இருப்பதே அபூர்வம். சமையலறைச் சுவரின் அடியில் படர்ந்திருந்த ஈரத்தைக் காட்டியதும் சிரித்தார்.

"இது மலை லா. பனிக்கு எல்லார் வீட்டுச் சுவரும் ஊறித்தான் கிடக்கும்."

அதுவும் பொய்யில்லை. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவு. அடியில் மண் கரைந்துகொண்டிருந்தால் வீடே சரிந்துவிடும்.

அந்தப் பதற்றத்தில், அவர் லோரி எடுத்துப் போனதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உங்கள் குழாய்தான் ஒழுகி எங்கள் சுவரை ஊறவைக்கிறது என்று சொல்லிவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கையில் இருந்த கீரையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"உன் வீட்டுப் பைப்ப எல்லாம் மூடிட்டு மீட்டரப் பாரு. அப்புறம் பேசு."

மூடிவிட்டு வாசலில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மீட்டரின் சின்னச் சிவப்பு முள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒழுகுவது என் வீடுதான். தன் வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

அதன்பின் இரண்டு நாள் நான் உட்காரவே இல்லை. கழிவறைத் தொட்டியில் கேசரிப் பொடியைக் கரைத்தேன்; அங்கே கசிந்தால் கீழே பீங்கானில் நிறம் இறங்கும். இறங்கவில்லை. சுவரை விரலால் தட்டித் தட்டி, தம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டேன். எல்லா இடத்திலும் கேட்பதுபோல இருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அக்காவே வந்து நின்றார். சுவரை நான் தட்டுகிற சத்தத்தில் தனக்கும் நிம்மதி போய்விட்டது என்றார். வெறுங்காலோடு சமையலறைக்குள் வந்தவர், பாத்திரம் கழுவும் தொட்டி அருகே நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் தரை ஏன் சூடா இருக்கு?"

நான் எப்போதும் செருப்போடுதான் நிற்பேன். கழற்றி வைத்துப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் ஒரு பாய் அகலத்துக்கு இதமான சூடு. குளியலறை ஹீட்டரிலிருந்து தரைக்கடியில் தொட்டிக்கு வெந்நீர் கொண்டுவரும் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது. ஹீட்டரின் வால்வை மூடச் சொல்லிவிட்டு அக்கா வாசலுக்குப் போய்ப் பார்த்தார். முள் நின்றுவிட்டது என்று அங்கிருந்தே சொன்னார். சொன்னதை நம்பாமல் நானும் போய்ப் பார்த்தேன்.

மறுநாள் வந்த கணவர் தரை டைலைப் பெயர்த்து, ஈர மண்ணைத் தோண்டினார். குழாய் இணைப்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் என் விரல்கள் வெடிக்கின்றன என்று போன வருஷம் அவரே போட்டுக் கொடுத்த குழாய் அது. இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜாயிண்ட்ல டேப் சுத்தாம முடுக்கிட்டேன். லோரிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன்."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்ற அக்காவிடம்தான் திரும்பி, அன்றைக்குப் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கும் இப்படி ஒரு சுடுதண்ணி பைப் இழுத்துக் குடுங்க. லோரி இல்லாத நாளாப் பாத்து."