ஆவணியில் வைத்த முகூர்த்தம்

புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களைப் படித்து, எந்த மாற்றம் இருந்தால் நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கணக்கிடுவது என் வேலை. தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்திருக்கிறேன். திரையில் ஒரு கோடு வரைவோம். யாராவது இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். அதைக் காட்டி மேடை மேடையாகப் பேசியிருக்கிறேனே தவிர, தனி ஒருவரைப் பார்த்து 'உங்களுக்கு இவ்வளவு காலம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூட்டத்துக்குப் பொருந்துவது ஆளுக்குப் பொருந்தாது. இப்படி வாயை அடக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் மச்சான் பொன்னமராவதியிலிருந்து ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினார். அதிலிருந்த மரபணு மாற்றம் எனக்குப் பழக்கமானதுதான். பலரைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். சிலரை மருந்து காப்பாற்றிவிடும், அவர்கள் நெடுங்காலம் இருப்பார்கள். ஆடி மாதம் ஊருக்குப் போனேன். மச்சான் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ள, நீங்க படிச்சவுக. ஒளிக்காமச் சொல்லுங்க. தை வரைக்கும் இருப்பாளா?"

"ஒரு ஆளுக்கு அப்படியெல்லாம் சொல்ல முடியாது மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கம், படித்தவன் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்குத் தெரியாதா என்ன? அங்கேயே பிறந்து வளர்ந்தவன்தானே.

மறுவாரமே அக்கா மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். தாய் போய்விட்டால் ஒரு வருடத்துக்கு வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் தாய் கண்ணால் பார்த்துவிடவும் வேண்டும். அந்தப் பெண் அப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மரபியலில் எம்.எஸ்ஸி. படிக்க மதுரையில் இடம் கிடைத்திருந்தது. சின்னப் பிள்ளையாக என் மடியில் உட்கார்ந்து, "ஏன் மாமா இந்தக் கோடு எறங்கிக்கிட்டே போகுது?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டவள். மாப்பிள்ளை வீடு அறந்தாங்கி, மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மா பிழைக்கமாட்டாள் என்று வீடே நம்பும்போது எந்தப் பெண் படிக்கப் போகிறேன் என்பாள்?

தேதியைச் சொன்னபோது நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒருவருக்கும் கணக்குச் சொல்லாத நான், அக்கா தை தாண்டமாட்டாள் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அக்கா பந்தலில் உட்கார்ந்திருந்தாள். மருந்து கேட்டது. தை வந்தது, அடுத்த தையும் வந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ தை. இப்போது ரேஷன் கடைக்கு அவளே நடந்து போகிறாள். மச்சானை வாய்க்கு வாய் அதட்டுகிறாள்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் லேப்டாப்பைத் திறந்து ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கோட்டின் கடைசிப் பகுதியில் விரலை வைத்தாள்.

"இங்கிட்டு எறங்காம நேராப் போகுதே, இவங்கள்லாம் யாரு மாமா?"

"மருந்து கேட்டுப் பொழச்சவங்கம்மா."

"அம்மா மாதிரி."

"ஆமா."

விரலை எடுக்காமலே கேட்டாள். "இது அப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இருந்துச்சும்மா."

"அப்பாகிட்ட அன்னைக்கே இதக் காட்டியிருக்கலாம்ல மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அடுப்படியில் அக்கா மச்சானை எதற்கோ அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். அவள் காபியோடு வந்தபோது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.