பிஸ்டனுக்குப் பூசிய தேங்காய் எண்ணெய்

நிக்கோபாரின் தென்கோடியில், கேம்பல் பேயில், இரும்பை நம்ப முடியாது. தையல் ஊசியைத் துணியிலேயே குத்தி ஒரு வாரம் விட்டால் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். அதனால் இங்கே கண்டதுக்கெல்லாம் எண்ணெய் போடுவார்கள். பூட்டு, சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி, எதுவும் தப்பாது. நானும் அப்படித்தான். ஆனால் என் பொறுப்பில் இருந்தது எங்கள் போலீஸ் பிரிவின் ஆயுத அறை. கோத் என்போம். உள்ளே வரிசையாகச் சங்கிலி கோத்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள். ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்த வேண்டும், அடுத்த குண்டைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். வெடித்த குண்டின் புகை ஒரு சிறிய பிஸ்டனைப் பின்னால் தள்ளுவதால் அது நடக்கிறது.

சுடப்போகும்போது அந்தப் பிஸ்டனும் அது ஓடுகிற குழாயும் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. பயிற்சியில் இதை எனக்குக் காது புளிக்கச் சொன்னார்கள். பிறகு நான் மற்றவர்களுக்குக் காது புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் போர்ட் பிளேரிலிருந்து வரவேண்டிய கப்பல் தள்ளித் தள்ளிப் போயிற்று. துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துவிட்டது. துருவுக்குக் கப்பல் கணக்கெல்லாம் தெரியுமா? நான் சமையலறைத் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பால்வெட்டுக் கத்திக்கு அதைத்தான் தடவுவார். எல்லாத் துப்பாக்கிக்கும் வெளிப்புறம் மட்டும் மெல்லத் துடைத்து வைத்தேன்.

வருடாந்தரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நாலு நாள் முன்பு, போர்ட் பிளேர் பக்கத்துச் சௌல்தாரியைச் சேர்ந்த பெண் கான்ஸ்டபிள் கோத் வாசலுக்கு வந்து நின்றாள். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டிருந்தாள். இந்தச் சூட்டில் தேறினால்தான் அவள் பெயர் பட்டியலில் போகும். இரண்டு வயதுக் குழந்தை ஊரில் அவள் அம்மாவிடம் இருந்தது.

“தீதி, என் ரைஃபிளைக் கொஞ்சம் நல்லாப் பாத்து வைங்க. இந்த வாட்டி ஃபெயில் ஆனா இன்னும் ஒரு வருஷம் இங்கதான். பாப்பா என்னை ஃபோன்ல வர்ற ஆன்ட்டின்னு நெனைக்குது.”

“போடி, உன் ரைஃபிள் ஜம்முன்னு இருக்கும். நீ குறிய மட்டும் பாரு” என்றேன்.

அவள் மேல் எனக்குப் பிரியம். அன்று மாலையே அவள் துப்பாக்கியைப் பிரித்தேன். மற்றவற்றுக்குச் செய்யாததை இதற்குச் செய்தேன். பிஸ்டனுக்கும் குழாய்க்கும் தாராளமாக எண்ணெய் பூசினேன். உப்புக்காற்று அதுவரை அண்டாமல் இருக்கட்டும், சுடுகிற அன்று காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று காலையில் வண்டி முன்னதாகவே வந்து ஹாரன் அடித்தது. நான் எரிச்சலோடு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். அவளுடையதும் போயிற்று, துடைக்க மறந்தே போனேன்.

வேகமாக ஐந்து குண்டு சுடவேண்டிய சுற்று. அவள் முதல் குண்டைச் சுட்டாள். அடுத்து விசை மட்டும் சொடக்கென்றது, குண்டு ஏறவில்லை. பதறவில்லை அவள். கைப்பிடியை இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, விட்டு, மறுபடி சுட்டாள். மறுபடி அடைத்துக்கொண்டது. படையில் இதற்கு ‘ஃபௌரி இலாஜ்’ என்று பெயர், உடனடி வைத்தியம். முறைப்படி அத்தனையும் செய்தாள். விசில் ஊதியபோது இரண்டு குண்டுதான் போயிருந்தது. பின்னால் ஆண்கள் சிரித்தார்கள். தோளில் பலமில்லை என்றான் ஒருவன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “ரைஃபிள் மே கராபி ஹை க்யா?” என்றார். துப்பாக்கியில் கோளாறு என்று நான் சொல்லியிருந்தால், சரிசெய்து அவளுக்கு அங்கேயே மறு வாய்ப்புக் கொடுத்திருப்பார்கள். விதி அது. ஆனால் பத்துப் பேர் முன்னால், என் கோத்தில் கோளாறா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“நஹி சார். நானே சர்வீஸ் பண்ணினது.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்ப என் கைதானா தீதி?” என்றாள்.

“தோள்ல அழுத்திப் பிடிக்கணும்மா” என்றேன். அப்போது அதை நான் நிஜமாகவே நம்பினேன்.

மதியம் எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுக் கழுவ உட்கார்ந்தேன். அவளுடையதில் பிஸ்டன் வெளியே வரவில்லை. தட்டித் தட்டி எடுத்தேன். கருகிய எண்ணெய், பணியாரக் குழியின் அடியில் பிடிக்கிற மாதிரி, பிசினாக ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. நான் பூசிய தேங்காய் எண்ணெய்தான்.

பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. பட்டியல் போய்விட்டது, இந்த வருஷத்துக் குண்டும் தீர்ந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றார். “காலையில் கேட்டேனே?” என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

அவள் பாரக்கில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிஸ்டனை அவள் கையில் வைத்து, “தப்பு உன் கையில இல்லடி, என் கையில” என்றேன். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். என்னை அவள் திட்டியிருக்கலாம், அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“கந்தல் துணி இருந்தா குடுங்க தீதி, நானே தொடச்சுக்கிறேன்” என்றாள். “இனிமே என் ரைஃபிள்ல நீங்க கை வைக்காதீங்க.”