மாதையன் களியும் ஒரு டிரங்க் காலும்

மாதையன் போய்விட்டான். காலையில் அவன் மகன் ஏரியூரிலிருந்து போன் செய்தான்... "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க மாமா."

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. எனக்குக் கல்யாணம் நடந்தது அவனால். அது கிட்டத்தட்ட நின்றுபோனதும் அவனால்தான்.

எண்பதுகளின் நடுவில் கம்பைநல்லூரில் இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆபீசுக்குப் பின்னாலேயே ரூம். நான் கும்பகோணத்துக்காரன்.

சமையல் அவன், பாத்திரம் கழுவுவது நான். இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யும்படி நான் ஒருபோதும் கோரியதில்லை.

அவன் களி கிண்டுவதைப் பார்க்க வேண்டுமே! கொதிக்கிற தண்ணீரில் ஒரு கை நொய்யரிசி. அது வெந்ததும் ராகி மாவை மலை மாதிரிக் கொட்டி, தொடாமல் விட்டுவிடுவான். பிறகு பானையை இறக்கி, கோணியைச் சுற்றி, காலால் இடுக்கிக்கொண்டு துடுப்பால் கிண்டுவான் பாருங்கள்... அப்போது மேலதிகாரி வந்து கூப்பிட்டாலும் பதில் வராது.

தொட்டுக்கொள்ளப் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. கொத்தமல்லியும் தேங்காயும் வறுத்து அம்மியில் அரைத்தது, இரண்டு கத்திரிக்காய், புளி கொஞ்சமாக. ஐயோ... டைப் செய்யும்போதே எச்சில் ஊறுகிறது!

ஒரு நாள் லஞ்ச் டயத்தில் ஆபீஸ் போன் அடித்தது. எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டு, அதைச் சொல்லக் கும்பகோணத்திலிருந்து டிரங்க் கால் போட்டிருக்கிறார்.

மாதையன் எடுத்தான்.

"அவருங்களா? உள்ள களி தின்னுட்டு இருக்காருங்க."

"உள்ளயா! எப்பலேர்ந்து?"

"இப்பத்தாங்க உள்ள போனாரு."

"எப்ப வெளில வருவார்?"

"லேட்டாவுங்க. நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன். போன் அடிச்சுதுன்னு எந்திரிச்சு வந்தேன்."

லைன் கட்.

கும்பகோணத்தில் திருவாதிரை அன்று ஒரு களி உண்டு, அது இனிப்பு. மற்ற நாட்களில் மனிதன் களி தின்பதற்கு ஒரே இடம்தான்... அதற்கு உயரமான மதில் இருக்கும்.

அன்று சாயங்காலம் பெண் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது கல்யாணப் பெண் மட்டும், "என்ன கேஸுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாளாம். அப்போதே அவளை எனக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் இது என் காதுக்கு வந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான்.

மறுநாள் பெண்ணின் அப்பா நேரில் வந்துவிட்டார். கூடவே உறவுக்கார வக்கீல் ஒருவர், கறுப்புக் கோட்டை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த ஏட்டு, "அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே" என்று வருத்தப்பட்டு ஆபீசுக்கு வழி காட்டியிருக்கிறார்.

உள்ளே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி... எப்ப விட்டாங்க?"

சாப்பாட்டு நேரத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இன்னும் விடலைங்க. ஒரு மணிக்குத்தான் விடுவாங்க."

வக்கீல் மெதுவாக அவர் காதில் சொன்னார்: "பரோல்."

விஷயம் புரிந்து ஆபீசே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெண்ணின் அப்பா. "எல்லாம் சரி தம்பி, ஊர்ல பேச்சு கிளம்பிடுச்சு. இனிமே... யோசிச்சுத்தான் சொல்லணும்."

யோசிப்பவர்கள் யாரும் பெண் கொடுத்ததாக எனக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை.

சிரிக்காத இன்னொருவன் மாதையன். அவனுக்கு என் கல்யாணமெல்லாம் அப்புறம்.

"எங்க வூட்டு சோத்தையா ஜெயில் சோறுங்கறீங்க? உக்காருங்க. தின்னுட்டு அப்புறம் பேசுங்க."

இலை போட்டான். களியை உருண்டையாக வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினான். பெரியவர் ஒரு வாய் எடுத்து மெல்ல ஆரம்பித்தார். மென்றார்... மென்றுகொண்டே இருந்தார்.

"ஐயோ, மெல்லாதீங்க! கொழம்புல பொரட்டி அப்பிடியே முழுங்குங்க. பல்லுக்கு இதுல வேலையே கெடையாதுங்க."

"முழுங்கறதா? தொண்டைல நின்னுடாதா?"

"நின்னா பக்கத்துலயே வக்கீலு இருக்காரு, என்மேல கேஸு போடுங்க."

வக்கீல் அதற்குள் இரண்டாவது உருண்டையில் இருந்தார். கட்சிக்காரரைப் பற்றிய கவலை அவர் முகத்தில் இல்லை.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார். கண்ணைத் திறந்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை, இலையை மட்டும் பார்த்தார். மாதையன் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தான்.

சாப்பிட்டு முடித்து ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். நான் எதிரே உட்கார்ந்து, ஒரு ஃபைலைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எழுந்து முகம் துடைத்தார். "மாப்ளே, அந்தக் கொழம்பு மிச்சம் இருக்கா?"

மாப்ளே! அதுவரை நான் தம்பி.

கல்யாணத்துக்கு மாதையன் கும்பகோணம் வந்தான். பந்தியில் யாரோ, "மாப்பிள்ளைக்கு நீங்க எங்க பழக்கம்?" என்று கேட்க, இவன் பெருமையாக, "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல களி தின்னவங்கங்க" என்றான்.

அந்தப் பந்தி முழுக்க அப்புறம் எனக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுத்தது. நான் போன பக்கமெல்லாம் எழுந்து வழிவிட்டார்கள்.

இன்று கிளம்பும் முன் மனைவியின் சித்தப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பந்தியில் இருந்தவர். எத்தனையோ தடவை விளக்கியும் நம்பாதவர்.

அவர், "உள்ள இருந்தப்ப உங்களுக்கு ஆக்கிப் போட்டவராச்சே மாப்ளே. அவசியம் போகணும்" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மறுக்கத் தோன்றவில்லை.

பஸ் பென்னாகரம் தாண்டிவிட்டது... மாலைக்குள் எடுத்துவிடுவார்களாம்.

இதோ வந்துட்டேன்டா மாதையா.