லாரி மோதாத காதல்

1. எந்தக் கதிர்?

முதல் நாள் படப்பிடிப்பே பாதியில் நின்றது. டெல்டாவில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரை. கரையில் இரண்டு நடிகர்கள். எதிர் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. தொடருக்கு வசனம் எழுதியவள் என்ற முறையில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

தொடர்களில் நடிப்பவர்களுக்கு வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் இருப்பதில்லை. கேமராவுக்கு வெளியே உதவி இயக்குநர் ஒருவர் நின்று வரிவரியாக உரக்கப் படிப்பார். நடிகர் அதைக் கேட்டு, உணர்ச்சியைச் சேர்த்துத் திருப்பிச் சொல்வார். இதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர். எங்கள் யூனிட்டில் இந்த வேலை முரளிக்கு. முரளிக்குத் திருவிழா மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர்களின் குரல்.

"நீ இல்லாம என்னால உயிர் வாழ முடியாது கதிர்!" என்று முரளி கத்தினார்.

நடவு நட்ட பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஓர் அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "கதிரா? இப்பதானய்யா நாத்தே நடுறோம். அதுக்குள்ள கதிருக்கு எங்க போறது?"

வயல் முழுக்கச் சிரிப்பு. நடிகர்களும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் ஒருவர் கால் வழுக்கி வாய்க்காலில் விழுந்தார். அந்தச் சட்டைக்கு மாற்றுச் சட்டை கிடையாது. பேக்கப்.

இயக்குநர் பாஸ்கர் என் பக்கம் திரும்பினார். "மேடம், இந்த டயலாக் நீங்கதான எழுதுனீங்க?"

"நான்தான் சார்."

"உங்ககிட்ட யாராவது இப்படிப் பேசியிருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர், 'மோட்டார் ஆஃப் பண்ணியா'ன்னு கேக்கறதுக்கு மேல பேசினதில்ல சார்."

2. 'அந்த ட்ராக்'

கதை இதுதான். டெல்டாவில் ஒரு நெல் விவசாயக் குடும்பம். அந்த வீட்டு இளைய மகன் கதிர். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வரும் வேளாண் அதிகாரி சிவா. இரண்டு ஆண்கள். இருவருக்கும் காதல். நடிகர்களை நான் இங்கே பாத்திரப் பெயரிலேயே சொல்கிறேன்.

மாமியார், மருமகள், விஷம் கலந்த பால் என்றே எழுதி வந்த என்னிடம் இதைக் கொடுத்தவர் சேனலின் கிரியேட்டிவ் ஹெட் நிவேதா. சின்ன வயது, நல்ல மனசு. மேலிடத்தில் சண்டை போட்டு இந்தக் கதைக்கு அனுமதி வாங்கியிருந்தார். அனுமதியோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. தொடக் கூடாது. அது என்ன உறவு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. இந்த ட்ராக், அதாவது இந்தக் கிளைக்கதை, முடியும்போது சிவா லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும்.

"செத்துட்டா ஆடியன்ஸ் மன்னிச்சிடுவாங்கன்னு மேல சொல்றாங்க மேடம்" என்றார் நிவேதா. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதை எழுதி முடிப்பதற்கு முன்பே லாரி வந்துவிட்டது. நெல் மூட்டை ஏற்றுகிற லாரி. டிரைவர் கோவிந்தன் தினம் காலையில் பாஸ்கர் முன்னால் வந்து கைகட்டி நிற்பார்.

"சார், இன்னிக்காவது மோதணுங்களா?"

"இன்னிக்கு இல்ல."

கோவிந்தன் லாரியை நிழலில் போட்டுவிட்டுத் தூங்குவார். சாயங்காலம் எழுந்து சிவாவோடு உட்கார்ந்து டீ குடிப்பார். சாகப்போகிறவரும் சாகடிக்கப்போகிறவரும் அப்படி ஒரு சிநேகம்.

யூனிட்டில் யாரும் அந்தக் காதலைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. 'அந்த ட்ராக்' என்றார்கள். 'அந்த ட்ராக் சட்டை', 'அந்த ட்ராக் மியூசிக்'. நடிகர்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சிவா மணிக்கட்டை வளைத்து, இழுத்து இழுத்துப் பேசினார். கண்ணில் மை வேறு. கதிர் நேர் எதிர். சிவாவுக்கு மெட்ராஸ் ஐ வந்த மாதிரி எட்டி நின்று, வானத்தைப் பார்த்துக் காதலித்தார்.

3. தாஸ்

எங்கள் மேக்கப்மேன் தாஸ். குத்தாலத்துக்காரர். நான் வசனம் எழுத வந்த காலத்திலிருந்து பழக்கம். ஒரு நாள் காலையில் பஞ்சை எடுத்துச் சிவாவின் கண்மையை அழுத்தித் துடைத்தார்.

"தம்பி, நீ மண்ணு பரிசோதனைக்கு வந்த ஆபீசர். உனக்கு எதுக்குப்பா மை?"

"லவ் பண்ற கேரக்டர் அண்ணே."

"லவ் பண்ணா மை வெச்சுக்கணும்னு யார் சொன்னா?"

அன்று மதியம் தாஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நானும் ஜமாலும் ஒண்ணா இருக்கோம்ல?"

ஜமால் எங்கள் ஜெனரேட்டர் ஆபரேட்டர். அதிராம்பட்டினத்துக்காரர். "தெரியும் தாஸ். மெட்ராஸ்ல ஒரே ரூம்தான?"

"ரூம் இல்லக்கா. ஒண்ணா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "எப்பலேருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க ஒரு சீரியல்ல மாமியாரைக் கிணத்துல தள்ளினீங்களே, அப்பலேருந்து."

"அப்பலேருந்தா! யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. வாயால சொல்றது உங்ககிட்டதான்."

"ஏன் இப்ப சொல்ற?"

"உங்க டயலாக்கக் கேட்டு ஜமால் விழுந்து விழுந்து சிரிக்கிறான்க்கா. எனக்கு மானம் போகுது." தாஸும் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "அதோட, அந்த லாரி. மேக்கப் ரூம் ஜன்னலத் தொறந்தா அதுதான் நிக்குது. எங்கள மாதிரி ஆளுங்க கதைன்னா யாராவது ஒருத்தர் செத்தாத்தான் முடியுமாக்கா?"

ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிறவள் நான். அன்று கேள்விதான் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்குவீங்க?"

"சண்டைதான். வாங்க, வந்து பாருங்க."

படப்பிடிப்பு நடந்த வீட்டின் சொந்தக்காரர் சரோஜா அம்மா அன்று யூனிட்டுக்குக் கெண்டை மீன் குழம்பு கொடுத்திருந்தார். வேப்ப மரத்தடியில் ஜமால் இரண்டு தட்டோடு காத்திருந்தார். அவர் தட்டில் கையே வைக்கவில்லை. கடலோரக்காரருக்கு ஆற்று மீன் என்றாலே இளக்காரம்.

"இதப் பாருங்கக்கா. முள்ளுக்கு நடுவுல கொஞ்சம் மீன் வெச்சிருக்கான் ஆண்டவன். இதப் போயி மீனுங்கறான் இந்தாளு" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்துப் பிய்த்தார். முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். சதையைத் தாஸின் தட்டில் தள்ளினார்.

"குழம்பு ஆறுது. சீக்கிரம் எடு" என்று தாஸ் அதட்டினார்.

"தொண்டையில முள்ளு மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தது நீயா நானா?"

"அது எப்பவோ."

"எப்பவோதான். ராத்திரி பூரா முழிச்சிருந்தவனுக்குத்தான் தெரியும். வாய மூடிக்கிட்டுத் தின்னு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. நான்தான் என் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

தாஸ் ஜமாலைப் பார்த்தார். ஜமால்தான் சொன்னார். "எழுதுங்கக்கா. எங்க பேரு வேணாம். மீனையாவது கடல் மீனாப் போடுங்க."

"கடல் மீன்னா முள்ளு கம்மியாச்சே ஜமால். சீன் நிக்காது."

"அதுவும் சரிதான்" என்று அரை மனதோடு விட்டுக்கொடுத்தார். அவர்கள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்று அவர்களே பெயரைச் சொல்லலாம் என்றதால்தான் இதை எழுதுகிறேன்.

4. லவ் தட்டில் இருக்கிறது

காட்சியைக் கொடுத்ததும் பாஸ்கர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், மீதிப் பக்கத்தக் காணோமே?"

"அவ்வளவுதான் சார்."

"இதுல யூரியா பத்திப் பேசறாங்க. லவ் எங்க?"

"தட்டுல சார்."

கோயம்புத்தூர் சிவாவுக்கு ஆற்று மீன் சாப்பிடத் தெரியாது. கதிர் அவன் எழுதிய மண் பரிசோதனை அறிக்கையைத் திட்டிக்கொண்டே முள் எடுத்துக் கொடுக்கிறான். காட்சி இவ்வளவுதான். பாஸ்கர் பெருமூச்சு விட்டு, "சரி, எடுத்துப் பாப்போம். சரியில்லன்னா மழையப் போட்டுக்கலாம்" என்றார்.

நிஜக் கெண்டை, நிஜ முள். கதிருக்கு அதை எடுக்கவே கவனம் சரியாக இருந்தது. வானத்தைப் பார்க்க நேரமில்லை. சிவாவுக்கு நல்ல பசி. மணிக்கட்டை வளைக்க மறந்து தட்டையே பார்த்தார். முரளிக்குக் கத்த வசனமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிசுகிசுத்தார். காட்சி முடிந்த பிறகும் பாஸ்கர் கட் சொல்லவில்லை.

அன்று நிவேதா சென்னையிலிருந்து வந்திருந்தார். வேடிக்கை பார்க்க சரோஜா அம்மாவும் மானிட்டர் பக்கத்தில் நின்றார். யாரும் அவரிடம் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

"என்னம்மா இது? இந்தப் பையன் அவனையே கட்டிக்குவான் போலருக்கே" என்றார்.

நிவேதா மெதுவாகக் கேட்டார்: "அப்படித்தாம்மா கதை. பாப்பீங்களா?"

சரோஜா அம்மா உதட்டைப் பிதுக்கினார். "எனக்குப் பிடிக்கலம்மா. எங்க வீட்டுல இப்படின்னா ஒரு வாரம் சோறு எறங்காது."

நிவேதாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப சேனல மாத்திடுவீங்க."

"ஏன் மாத்தணும்? பெத்தவளுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு பாக்க வேணாமா? ஒத்துக்கறது வேற, பாக்கறது வேற."

பாஸ்கர் விடவில்லை. "அந்த ஆபீசர் பையன் லாரில அடிபட்டுச் செத்துட்டான்னு வெச்சா என்னம்மா சொல்வீங்க?"

"அடப்பாவிங்களா!" சரோஜா அம்மா உண்மையிலேயே கோபப்பட்டார். "என் வீட்டுக் கொழம்ப ஊத்தி, சாப்பிட உக்கார வெச்சுட்டு, அந்தப் புள்ளையச் சாகடிக்கப் போறீங்களா? அப்படி எடுக்கறதா இருந்தா என் வீட்டுல எடுக்காதீங்க. எல்லாத்தையும் கட்டிக்கிட்டுக் கெளம்புங்க!"

நிவேதா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சமத்துவம், உரிமை, உலக சினிமா என்று ஏற்கெனவே மேலிடத்தில் பேசிப் பார்த்துத் தோற்றவர். இந்த முறை ஒரே வரிதான் பேசினார். "சார், லொகேஷன் பிராப்ளம். சிவா செத்தா வீடு போயிடும்."

இத்தனை எபிசோட் எடுத்த வீட்டை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். சிவா பிழைத்தார்.

5. ஆனால் லாரி?

லாரி சீறி வருகிற ப்ரோமோ ஏற்கெனவே ஒளிபரப்பாகிவிட்டது. யாரையாவது மோதியாக வேண்டும். அப்போது தொடரின் வில்லன், கதிரின் சித்தப்பாவாக நடித்தவர், தங்கை மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டு அலைந்துகொண்டிருந்தார்.

"சார், என்னை மோதிடுங்களேன்" என்று அவரே வந்து கேட்டார்.

மோதினோம். இத்தனை நாள் தூங்கிய கோவிந்தன் ஆசையாக லாரியை ஓட்டி வந்து, பயந்துபோய் வெகு தூரத்திலேயே பிரேக் போட்டார். சித்தப்பாவின் பைக்கை நாங்கள்தான் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினோம். சித்தப்பா கோமாவில் படுத்தார். அந்த வாரமே அவர் கல்யாண வீட்டில் ஆடிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது.

கெண்டை மீன் காட்சி ஒளிபரப்பானதும் திட்டும் வந்தது, பாராட்டும் வந்தது. ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்து, "ஏம்மா, இதெல்லாம் குடும்பத்தோட உக்காந்து பாக்கறதா?" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, "அந்த சிவாவுக்கு டிரான்ஸ்பர் கிரான்ஸ்பர் போட்டுடாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மற்ற இரண்டு நிபந்தனைகளும் கடைசிவரை அப்படியே இருந்தன. தோளில் கைபோட மட்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு வசனம் தப்பித்தது. கும்பகோணத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்காரர், "பேச்சுலரா தம்பி?" என்று கேட்கிறார். கதிர், "இல்ல சார், குடும்பம்" என்கிறான். தடை செய்த வார்த்தை எதுவும் அதில் இல்லாததால் சேனல் அப்படியே விட்டுவிட்டது.

6. டீசல் வாடை

அந்த எபிசோட் வந்த மறுநாள் காலையில் யூனிட் வண்டிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருடமும் தாஸ் காஸ்ட்யூம் வேனில் வருவார், ஜமால் ஜெனரேட்டர் வண்டியில் வருவார். இறங்கும்போது இப்போதுதான் பார்ப்பது மாதிரி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அன்று தாஸ் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஜெனரேட்டர் வண்டிக்குப் போனார். முன் சீட்டில் ஏறி, ஜமாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்தோம்.

புரொடக்ஷன் மேனேஜர்தான் கத்தினார். "யோவ் தாஸ்! அதுல வெச்சா பவுடரெல்லாம் டீசல் நாறும்யா!"

"நாறட்டும்" என்றார் தாஸ். ஜமால் அவருக்கு அந்தப் பக்கத்துக் கதவை எட்டிச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். அன்று முழுவதும் கதாநாயகி மூக்கைச் சுளித்துக்கொண்டே அழுதார். சோகம் நன்றாக வந்திருப்பதாக பாஸ்கர் பாராட்டினார்.

வசனம் எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம், "மேடம், இந்த மாதிரிக் காதலை எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். அதற்குத் தனி மாதிரி கிடையாது. அந்த இரண்டு பேரையும் நல்ல பசி வேளையில் எதிரெதிரே உட்கார வையுங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு வசனம் அதிகம் தேவைப்படாது. பக்கக் கணக்கில் சம்பளம் வாங்கிய நான் இதைச் சொல்லக் கூடாதுதான்.