பேச்சியக்காவின் இடப்பக்கச் சுருக்குப்பை

காலை ஒன்பது மணி இருக்கும். ஏலக்காய்க் கடையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கை விரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டும் செல்வம் வாசலில் வந்து நின்றான். எப்போதும் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறவன் அன்று அடிக்கவில்லை. "பெரியம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். மேலே எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என் ஓரகத்தி பேச்சியக்கா, காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. காய் எடுக்கக் கூப்பிட வந்தவர்கள் பார்த்தபோது அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம்.

என் பேத்தி அபிராமிக்குச் சொல்ல வேண்டுமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் செத்தால் அக்காவுக்கு அழுகிற அழுகை எனக்கு அழுவாளா என்று நினைத்தேன்.

பேச்சியக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு ஒரு வருடம் முன்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். நான் போன முதல் தீபாவளிக்கு மாமியார் இரண்டு சேலைகளை எடுத்துவந்து, மூத்தவள் முதலில் எடுக்கட்டும் என்றார். அரக்குச் சேலையை அக்கா எடுத்துக்கொண்டார். எனக்குப் பச்சை. அந்த அரக்கில் மாங்காய் போட்ட கரை என்பது வரை இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு மகன், அவனுக்கு ஒரு மகள் அபி. இதிலாவது நான் மேலே இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளையும் நடக்கத் தொடங்கியதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் நடந்தாள்.

அபி எட்டாம் வகுப்பில் கூடைப்பந்து ஆடத் தொடங்கினாள். பொம்பளைப் பிள்ளை அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று நான் சத்தம் போட்டேன். பேச்சியக்கா மறுநாள் சாயங்காலம் பள்ளி மைதானத்துச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் பந்து வளையத்துக்குள் விழுகிறதா இல்லையா என்பது யாருக்கும் புரியும். காய் பொறுக்கும்போது நல்ல காயை வலப்பக்கமும் வெடித்த காயை இடப்பக்கமும் தள்ளுவோம். அக்கா அதையே அங்கே செய்தார். மடியில் கைப்பிடி ஏலக்காய், இடுப்பில் இரண்டு பக்கமும் இரண்டு சுருக்குப்பை. அபி எறிந்த பந்து விழுந்தால் ஒரு காய் வலப்பைக்கு, தவறினால் ஒன்று இடப்பைக்கு. ஆட்டம் முடிந்ததும் அபி ஓடிவந்து இடப்பையைத்தான் முதலில் கொட்டிப் பார்ப்பாள். "இன்னைக்கு இவ்வளவா பெரியப்பத்தா?" என்பாள். "ஆமாத்தா, நேத்தைய விட மூணு கம்மி" என்பார் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் வீட்டில் முட்டை அவித்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஆறிப்போகும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது அவளுக்கு ஒரே நினைப்பு, கல்லூரியிலும் ஆட வேண்டும். விளையாட்டுக்காரப் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் இடம் தருவார்கள். அது கிடைத்தால் படிப்பும் உண்டு, பந்தும் உண்டு. கிடைக்காவிட்டால் அவளும் எங்களோடு சாக்கில் வந்து உட்கார வேண்டியதுதான். மதுரைக் கல்லூரி ஒன்றில் செலக்‌ஷன் என்று தேதி வந்தது. கூட ஒரு பெரியவர் வரலாம் என்றார்கள். "பெரியப்பத்தா வரட்டும்" என்றாள் அபி. நான் அப்போது அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அக்கா களையெடுப்புக்கு மலைக்குப் போயிருந்தார். அங்கே போன் எடுக்காது. செல்வத்திடம் சொல்லிவிட்டால் ஜீப்பில் தகவல் போய்விடும். சொல்லும்படி அபி என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். விடிகாலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். செல்வம் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான், மேலே ஏதாவது சொல்லணுமா என்று அவனாகவே கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கிளம்பும்வரை அக்கா வராததால் மதுரைக்கு நான் போனேன்; அவர் நேரே அங்கே வந்துவிடுவார் என்று அபி நம்பிக்கொண்டிருந்தாள். கோட்டில் நிறுத்தி இருபது பந்து எறியச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அபி வாசல் கேட்டைத்தான் பார்த்தாள். எத்தனை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் என்னை ஒரு முறையாவது பார்க்கிறாளா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. திரும்பி வரும் பஸ்சில் பெரியப்பத்தாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன், சோலி இருக்கிறது என்றுவிட்டார் என்றேன்.

சனிக்கிழமை அக்கா மலையிலிருந்து இறங்கினார். அபி முகம் கொடுக்கவில்லை. "அப்படி என்ன சோலி உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாத்தா, சோலி இருந்துச்சு. என் தப்புத்தான்" என்றார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அதிலும் அவரே பெரியவராகிவிட்டார். அரக்குச் சேலையை விட இதுதான் என்னை அதிகமாக எரித்தது.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. கிளம்புவதற்கு முதல்நாள் அக்கா இரண்டு பைகளையும் அவிழ்த்து என் இடுப்பில் கட்டினார். "நீ போத்தா. எனக்கு மலையில ஆள் பத்தல" என்றார். ஆள் பற்றாக்குறை ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அங்கேயும் இருபது பந்து. நான் காயை எடுத்தேன். முதல் பந்து தவறியது. பெற்ற மகனின் பிள்ளை தவறவிட்டதை இடப்பக்கம் போட எனக்குக் கை வரவில்லை. வலப்பக்கம் போட்டேன். பிறகு தவறியவற்றையும் அப்படியே போட்டேன். முடிந்ததும் அபி வந்து, இடப்பை காலியாக இருக்க, வலப்பையைக் கொட்டினாள். "இருபதுமா? அப்பத்தா, நான் ஆறு தப்புனேன்" என்று சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு இடம் கிடைத்தது.

இதைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருசம் காய் பொறுக்குன கையாடி இது? வெடிச்ச காயை நல்ல காயோட போட்டா லோடே திரும்பி வரும். தப்பைத் தப்புன்னு சொல்ல அவளுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?"

அவர் என்னிடம் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் காயை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

துக்கத்துக்கு வந்த அபி அவர் மேல் விழுந்து அழுதாள். நான் நினைத்த மாதிரியேதான் அழுதாள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரிக்காக அவளுக்கு முதல் ஆட்டம். பைகளைக் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு காயையும் அதனதன் பக்கத்தில் போட்டேன். முடிந்ததும் அபி வழக்கம்போல் இடப்பையைக் கொட்டி எண்ணினாள்.

"பன்னெண்டு இருக்கு. நான் தப்புனது பதினொண்ணுதான் அப்பத்தா."

"ஒண்ணு என்னோடது" என்றேன். செல்வத்திடம் சொல்லாமல் வந்ததைச் சொன்னேன்.

அவள் அந்த ஒரு காயை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தாள். நான்கு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் பேசினாள். "வர்ற சனிக்கிழமை மேட்ச். பையோட வாங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

அக்கா, நாளை உங்களுக்கு முப்பதாம் நாள். அந்தக் காயை உங்கள் படத்துக்கு முன்னால், இடப்பக்கம் வைத்திருக்கிறேன். படையலுக்குச் சேலை எடுக்கக் கடைக்குப் போனேன். இரண்டு எடுத்தேன். அரக்கு எனக்கு. உங்களுக்குப் பச்சை. கட்டிக்கொண்டு போய் வாருங்கள்.