ஸ்டூல் உயரத்தில் தெற்கு ரத வீதி

சைக்கிள் கேரியரில் ரப்பர் ட்யூபால் இறுக்கிக் கட்டிய மர ஸ்டூல். எங்கள் பத்திரிகையின் சங்கரன்கோவில் புகைப்படக்காரரை நினைத்தால், முகத்துக்கு முன்பே அதுதான் எனக்கு நினைவில் வரும். நான் செய்தி எழுதினேன், அவர் படம் எடுத்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. குள்ளமான மனிதர். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் குருட்டாம்போக்கில் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் பொதுக்கூட்டமோ கொடியேற்றமோ, அவர் போகிற இடத்துக்கெல்லாம் ஸ்டூலும் போகும். “வே அண்ணாச்சி, நீரு ஸ்டூலைக் கூட்டிட்டு வாரீரா, ஸ்டூலு உம்மக் கூட்டிட்டு வருதா?” என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். “படம் எடுக்கது ஸ்டூலுதான்வே. நான் சும்மா பட்டனை அமுக்குதேன்” என்பார்.

ஓர் ஆடித்தபசுத் திருவிழா அன்று அவர் எடுத்த படம்தான் பிரச்சினையானது. தெற்கு ரத வீதி முழுக்கத் தலைகள். விவசாயிகள் நேர்த்திக்கடனாகக் கூட்டத்தின் மேல் வாரி இறைத்துச் சூறைவிட்ட பருத்தியும் மிளகாயும் அந்தரத்தில் நிற்கின்றன. பின்னால் கோபுரம், ஓரத்தில் ஒரு கல்தூண். இவ்வளவும் ஒரே படத்தில் எப்படி அடங்கும், இரண்டு படங்களை ஒட்டியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அவர் ஸ்டூலைக் கட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவிக்கு, என் வழக்கத்தில் மதினிக்கு, அது ஆறவேயில்லை. அவர் காலமான பிறகும் ஆறவில்லை.

சமீபத்தில் கல்லூரி மாணவிகள் சிலர் ஊர் வரலாற்றுக்காக ஒரு செயலி தயாரித்தார்கள். ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். தெருவில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தால், அந்த இடத்தின் பழைய படம் இன்றைய காட்சியின் மேல் வந்து படியும். அண்ணாச்சியின் தபசுப் படத்தையும் சேர்த்திருந்தார்கள். சோதனை பார்க்கும் நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். இப்போது இருக்கும் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி மதினியும் வந்துவிட்டார். மற்ற படங்களெல்லாம் பொருந்தின. தெற்கு ரத வீதியில் இது மட்டும் பொருந்தவில்லை.

“கோபுரத்தை வச்சா தூணு விலகுது சார், தூணை வச்சா கோபுரம் விலகுது” என்றாள் மாணவி. “ஒட்டுன படமா இருக்கும். இதை எடுத்துருதோம்.”

“ஏட்டி, நீயுமா?” என்றார் மதினி.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். செல்போன் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. மற்ற படங்களை எடுத்தவர்கள் தரையில் நின்று எடுத்தவர்கள். எதிர் டீக்கடையில் ஸ்டூல் கேட்டு வாங்கிவந்து தூணுக்குப் பக்கத்தில் போட்டு, ஏறச் சொன்னேன். தயங்கி ஏறினாள். ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டோம். மறுபடி ஏறினாள். தூணின் மேல் தூண் உட்கார்ந்தது, கோபுரத்தின் மேல் கோபுரம். பருத்தி அந்தரத்தில் நிற்க, அதன் அடியில் இன்றைய ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“ஒரே படந்தான். ஸாரிம்மா” என்று இறங்கினாள்.

மதினி செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு தானே ஏறினார். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கிப் போக, செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“கட்டையன் கட்டையன்னு சிரிச்சாங்கல்லா,” என்றார் மேலே நின்றபடியே. “இனி ஊரே ஏறித்தான் பாக்கணும்.”

இப்போது அந்தச் செயலியோடு ஊரைச் சுற்றுகிறவர்கள் மற்ற இடங்களில் தரையில் நின்றே பார்க்கிறார்கள். தெற்கு ரத வீதியில் மட்டும், அந்தக் கல்தூணில் சங்கிலி கோத்து ஒரு ஸ்டூல் கிடக்கிறது. மரத்தில் செய்யச் சொன்னேன், இரும்பில் செய்து போட்டிருக்கிறார்கள். உயரம் சரியாக இருக்கிறது.