அஞ்சலையின் குழாய்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கும் பக்கத்து வீட்டு அஞ்சலைக்கும் ஒரே பைப் லைன். என் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததும், அவள்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். ஓவர்சியரிடம் சொல்லி அவள் குழாயை மூட வைத்தேன். அப்போதும் எனக்கு அதே நூல்தான்.

மறுநாள் அஞ்சலை காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"இந்தத் துணிய எப்பக்கா கழுவுனீங்க?"

தூசி வடிகட்ட நான் குழாய் வாயில் கட்டியிருந்த துணி அது. அவளே அவிழ்த்தாள். உள்ளே துரு சேறாக அப்பியிருந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்து என் சேலையை நனைத்தது.

"இப்பப் போயி என் குழாயத் திறக்கச் சொல்லுங்க."

போனேன். குழாய் தானாகச் சரியாகிவிட்டது என்றுதான் ஓவர்சியரிடம் சொன்னேன். துணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அஞ்சலை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் கண்ணில் படும்படி அந்தத் துணியை அலசிக் காயப்போடுகிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.